திணையும் பாலும்: வீராங்கனை சாந்தியின் ஓட்ட வாழ்வு

தோற்றுவாய்

கல்லூரி மலர் ஒன்றில் தமிழ்த்துறையினர் விளையாட்டைப் பற்றி எழுதுவது வழக்கமன்று. சங்க இலக்கியம், காப்பியம், இக்கால இலக்கியம் என்னும் எல்லைக்குள் நம் கட்டுரைகள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. எனினும், தமிழ் மண்ணில் பிறந்த ஓர் ஓட்ட வீராங்கனையின் வாழ்வை எண்ணிப் பார்க்கும்போது, அது விளையாட்டுத் துறைக்கு மட்டும் உரிய செய்தியன்று என்பது புலனாகிறது. மனிதரை எப்படி வகைப்படுத்துவது, வகைப்படுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு, அவ்வதிகாரத்தை எவ்வளவு கண்ணியத்துடன் கையாள வேண்டும் என்னும் வினாக்கள் அவ்வாழ்வில் பொதிந்துள்ளன. இவ்வினாக்களுள் முதலாவதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் இலக்கண நூலார் எடுத்துக்கொண்டனர். ஆதலின் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் ஓட்ட வாழ்வையும், அதன்வழி எழும் சிந்தனைகளையும் இக்கட்டுரையில் தொகுத்துக் காண்போம்.

இடைத்தொலைவு ஓட்டம்

ஓட்டப் பந்தயங்களைக் குறுந்தொலைவு, இடைத்தொலைவு, நெடுந்தொலைவு என மூவகையாகப் பகுப்பர். 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் குறுந்தொலைவின. 5,000 மீட்டரும் அதற்கு மேற்பட்டனவும் நெடுந்தொலைவின. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 800 மீட்டரும் 1,500 மீட்டரும் இடைத்தொலைவு ஓட்டங்களுள் தலையாயவை. காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் பகுதி இளைஞர்களுக்கு இவற்றுள் ஒன்று நன்கு தெரியும். கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கிலும், தேவனாம்பட்டினம் கடற்கரையிலும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலும் விடியற்காலையில் அவர்கள் ஓடிப் பழகும் ஓட்டம் 1,500 மீட்டர்தான்.

இடைத்தொலைவு ஓட்டம் எளிதன்று. குறுந்தொலைவில் தொடக்கம் முதல் இறுதி வரை முழு ஆற்றலையும் கொட்டி ஓடலாம். நெடுந்தொலைவில் மூச்சை அளந்து, ஆற்றலைச் சேமித்து ஓட வேண்டும். 800 மீட்டரிலோ இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. ஓடுபவரின் தசைகள் உயிர்வளியைக் கொண்டு ஒரு பங்கு ஆற்றலையும், உயிர்வளி போதாத நிலையில் வேறு வேதிவினையால் ஒரு பங்கு ஆற்றலையும் பெறுகின்றன. இரண்டாம் சுற்றின் பாதியைக் கடக்கும்போது கால்கள் கனக்கத் தொடங்கும், மார்பு எரியும். அப்போதுதான் போட்டி உண்மையில் தொடங்குகிறது என்று பயிற்சியாளர்கள் கூறுவர்.

களத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். எனவே 800 மீட்டர் என்பது இரு சுற்று. முதல் வளைவு வரையில் ஒவ்வொருவரும் தத்தம் தடத்தில் ஓட வேண்டும். அதன்பின் தடம் விட்டு உட்பக்கம் சேரலாம். அங்கே எழுவரோ எண்மரோ ஒரே கோட்டுக்கு முண்டும்போது முழங்கை படும், கால் இடறும். முன்னே செல்பவர் காற்றை எதிர்கொள்ள வேண்டும். பின்னே செல்பவர் சூழப்பட்டு வழியின்றி நிற்க நேரும். எப்போது முந்துவது, எப்போது பொறுப்பது என்னும் தேர்வு நொடிக்கு நொடி எழுகிறது. உடல் வலிமையோடு கூர்மதியும் நெஞ்சுரமும் வேண்டும் ஓட்டம் இது.

கத்தக்குறிச்சியிலிருந்து களம் வரை

சாந்தி 1981ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்தார். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த எளிய குடும்பம். உடன்பிறந்தோருள் மூத்தவர் அவரே. சூளை வேலைக்காகப் பெற்றோர் வெளியூர் செல்லும் காலங்களில் தம்பி, தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது.

சூளைத் தொழில் எத்தகையது என்பதை நம் மாவட்டத்து மாணவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆற்றோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் சூளைகளை நாம் கண்டிருக்கிறோம். மண் குழைத்து, அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்தி, அடுக்கி, சுட்டெடுக்கும் வேலைக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்வர். முன்பணம் பெற்றுச் செல்லும் அக்குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் தொடர்ந்து பயில்வதே அரிது. அந்நிலையிலிருந்து ஒரு பெண் பன்னாட்டுக் களத்தை அடைந்தார் என்பதே வியக்கத்தக்க செய்தி.

அவருக்கு ஓட்டத்தின் சுவையை முதலில் காட்டியவர் அவருடைய பாட்டனார். பள்ளிப் போட்டிகளில் பரிசுகள் வரத் தொடங்கின. பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். விளையாட்டின் வழியே உணவும், உடையும், மேற்படிப்புக்கு உதவியும் கிடைத்தன. உடலை வருத்தி ஓடும் பிள்ளைக்கு மூவேளை உணவே பெரும் பரிசாக அமைந்த காலம் அது. புதுக்கோட்டையில் கல்லூரிக் கல்வியைத் தொடங்கிய அவர் பின்னர்ச் சென்னைக்குச் சென்று பயின்றார், பயிற்சியும் பெற்றார்.

2005ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஏற்றம் தந்த ஆண்டு. பெங்களூருவில் நடந்த தேசியப் போட்டியில் 3,000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தை 10 நிமிடம் 44.65 நொடியில் முடித்துத் தேசியச் சாதனை படைத்தார். அதே ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

தோகாவில் ஒரு வெள்ளி

2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோகா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. மகளிர் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் பக்ரைன் நாட்டின் மரியம் யூசுப் ஜமால் முதலில் வந்தார். சாந்தி 2 நிமிடம் 3.16 நொடியில் இரண்டாவதாக வந்தார். கசக்கஸ்தான் நாட்டு விக்டோரியா யலோவ்ட்சேவாவை அவர் முந்தியது ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு அளவே. இமை கொட்டும் நேரத்தினும் குறுகிய அவ்விடைவெளியில்தான் வெள்ளி கிடைத்தது.

தமிழகம் மகிழ்ந்தது. அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி 15 இலட்சம் ரூபாய் பரிசளித்துப் பாராட்டினார். ஆனால் அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஓட்டம் முடிந்தபின் தோகாவிலேயே சாந்தி பாலினச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டிருந்தார். அச்சோதனையில் அவர் தேறவில்லை என்னும் செய்தி, அவர் ஒப்புதலின்றி, ஊடகங்கள் வழியாக உலகெங்கும் பரவிற்று. பதக்கம் பறிக்கப்பட்டது. போட்டிகளில் பங்கேற்கும் வாய்ப்பும் அற்றுப்போயிற்று. அப்போது அவருக்கு வயது 25.

தமக்கு என்ன சோதனை செய்யப்படுகிறது, எதற்காகச் செய்யப்படுகிறது என்பது அவ்வேளையில் தமக்குத் தெளிவாக உணர்த்தப்படவில்லை என்று பின்னாளில் நேர்காணல்களில் அவர் கூறியிருக்கிறார். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே வாழ்பவர் தாம் என்பதையும் அவர் இடையறாது சொல்லி வந்திருக்கிறார். அவருடைய மருத்துவ அறிக்கையில் இருந்ததாகச் சொல்லப்படும் விவரங்களை இக்கட்டுரையில் நாம் எழுதப் போவதில்லை. அவை அவருக்கும் மருத்துவருக்கும் இடையே நிற்க வேண்டியவை. ஒருமுறை வெளியாகிவிட்டமையால் மறுமுறை வெளியிடும் உரிமை பிறருக்கு வந்துவிடாது.

எனினும், இத்தகைய சோதனைகள் எப்படித் தோன்றின, எதனை அளக்கின்றன என்பதைப் பொதுவாக அறிந்துகொள்வது தேவையாகிறது.

சோதனையின் வரலாறு

மகளிர் பிரிவில் ஆடவர் மாறுவேடமிட்டுப் போட்டியிடக்கூடும் என்னும் ஐயமே இச்சோதனைகளுக்கு முதற்காரணம். 1966ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனையர் மருத்துவர் குழுமுன் உடலைக் காட்ட வேண்டியிருந்தது. இது இழிவானது என எதிர்ப்பு எழவே, 1968 ஒலிம்பிக் போட்டிகள் முதல் வாயின் உட்புறத்திலிருந்து சிறிது இழைமம் எடுத்துக் குரோமோசோம்களை ஆராயும் முறை வந்தது.

பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும், ஆண்களுக்குப் பெரும்பாலும் ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் அமைந்திருக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆயின் இயற்கை பள்ளிப் பாடத்தின் எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை. பால்வேறுபாடு என்பது குரோமோசோம், உட்சுரப்பி, உட்சுரப்பி நீரை உடல் ஏற்கும் தன்மை, உறுப்பமைப்பு எனப் பல படிகளில் உருவாகிறது. மிகப் பெரும்பாலோரிடம் இப்படிகள் யாவும் ஒருமுகமாக அமைகின்றன. சிலரிடம் ஒரு படி ஒரு திசையிலும் மற்றொரு படி வேறு திசையிலும் அமைந்துவிடுகின்றன. ஒய் குரோமோசோம் இருந்தும், ஆண்மைச் சுரப்புநீரை உடல் சற்றும் ஏற்காமையால் பிறப்பு முதல் பெண்ணுடலே அமையப்பெற்றவர்கள் உண்டு. அவர்களுட் பலர் பிள்ளைப்பேறின்மைக்காக மருத்துவரை நாடும் வரையில் தம் உடலின் இவ்வியல்பை அறியாமலேயே வாழ்கின்றனர். இது அவர்கள் செய்த வஞ்சனையன்று. அவர்கள் அறிந்து மறைத்ததும் அன்று.

இந்த உண்மையை விளையாட்டு உலகத்துக்கு உணர்த்தியவர் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஓசே மார்ட்டினெஸ் பட்டினியோ. 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் அவர் இச்சோதனையில் தடுக்கப்பட்டார். அவர் பெயர் ஏடுகளில் வந்தது, பதிவுகள் அழிக்கப்பட்டன. அவர் வாதாடினார். தம் உடல் ஆண்மைச் சுரப்பை ஏற்பதில்லை, ஆதலின் அதனால் தமக்கு நன்மை ஒன்றும் இல்லை என்பதை நிறுவி, 1988இல் மீண்டும் தகுதி பெற்றார். பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு 1990களின் தொடக்கத்திலும், பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1999இலும் எல்லாப் பெண்களுக்குமான கட்டாயச் சோதனையைக் கைவிட்டன. ஐயம் எழுந்தால் மட்டும் சோதிக்கலாம் என்னும் வழக்கம் எஞ்சிற்று. 2006இல் சாந்தி சிக்கியது இவ்வெஞ்சிய வழக்கத்தில்தான்.

எதிர்த்தரப்பின் வாதம்

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தையும் நடுவுநிலையோடு எடுத்துரைப்பது நம் கடமை. மகளிர் பிரிவு என ஒன்று ஏன் இருக்கிறது? ஆடவர் 800 மீட்டர் உலகச் சாதனை, கென்யாவின் டேவிட் ருடிஷா 2012இல் இலண்டனில் நிகழ்த்திய 1 நிமிடம் 40.91 நொடி. மகளிர் சாதனை, செக்கோஸ்லோவாக்கியாவின் யர்மிலா கிராட்டொக்விலோவா 1983இல் நிகழ்த்திய 1 நிமிடம் 53.28 நொடி. இரண்டுக்கும் இடையே 12 நொடிக்கு மேல் இடைவெளி உள்ளது. பருவமடையும் காலத்தில் ஆண்மைச் சுரப்பு தரும் தசை, எலும்பு, குருதி வலிமையே இதற்குத் தலையாய காரணம். எனவே பிரிவு ஒன்று இல்லையாயின் பெண்கள் மேடையேறவே இயலாது. பிரிவு இருப்பின் அதற்கு எல்லை வேண்டும். எல்லையைக் காக்க ஏதேனும் ஓர் அளவை வேண்டும். நூறில் மூன்று பங்கு நொடியில் பின்தங்கிய பெண்ணுக்கும் உழைப்பு உண்டு, கனவு உண்டு. இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று.

எல்லை எங்கே வகுப்பது என்பதில் அறிவியலாரும் சட்டவறிஞரும் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2011இல் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு ஆண்மைச் சுரப்பின் அளவை எல்லையாக்கிற்று. 2018இல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்குத் தனி விதி வகுத்தது. 2023இல் அதனை மேலும் இறுக்கி எல்லாப் போட்டிகளுக்கும் விரித்தது. 2025 செப்டம்பர் முதல், மகளிர் பிரிவில் பன்னாட்டுத் தரவரிசைப் போட்டிகளில் ஓடுவோர் அனைவரும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்னும் விதி வந்துள்ளது. 1990களில் கைவிடப்பட்ட முறை வேறொரு வடிவில் மீண்டும் வந்திருப்பதை நாம் காண்கிறோம். அறுபது ஆண்டுகளில் அளவுகோல் பலமுறை மாறியிருக்கிறது. அளவுகோல் மாறும்போதெல்லாம் நேற்றுத் தகுதி பெற்றவர் இன்று தகுதி இழக்கிறார். நேற்று இழந்தவர் இன்று பெறுகிறார். ஓடியவரின் உடலோ மாறவில்லை.

செயலும் இயல்பும்

ஊக்கமருந்து உட்கொள்வதையும் இதனையும் சிலர் ஒன்றாகக் கருதுகின்றனர். அது பிழை. தோகாவிலேயே 2019இல் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து அதே 800 மீட்டரில் 2 நிமிடம் 2.70 நொடியில் தங்கம் வென்றார். பின்னர்த் தடைசெய்யப்பட்ட மருந்து அவர் உடலில் இருந்ததாகக் கண்டு, 2020இல் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது; பதக்கமும் போயிற்று. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. அங்கே கடைப்பிடிக்கப்பட்ட நெறிமுறையை மட்டும் காண்க. ஊக்கமருந்துச் சோதனையில் மாதிரி இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. முதல் மாதிரியில் குறை தெரிந்தால் இரண்டாம் மாதிரியைத் தம் சார்பாளர் முன்னிலையில் ஆய்வு செய்யக் கோரும் உரிமை வீரருக்கு உண்டு. குற்றச்சாட்டு எழுத்தில் வரும், விசாரணை நடக்கும், மேல்முறையீட்டுக்கும் இடமுண்டு.

மருந்து உட்கொள்ளுதல் ஒரு செயல். உடலமைப்பு ஓர் இயல்பு. செயலுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இத்தனை படிகளில் காப்பு இருக்க, இயல்புக்காக ஐயுறப்பட்ட சாந்திக்கு இவற்றுள் எது கிடைத்தது? தம் தரப்பை எடுத்துரைக்க ஓர் அவை கூட்டப்படவில்லை. குற்றவாளிக்குரிய உரிமையும் குற்றமற்றவருக்குக் கிடைக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி.

ஒரே களம், மூன்று முடிவுகள்

ஒரு வீராங்கனையின் முடிவை அவர் உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை; அவர் பின்னால் யார் நிற்கின்றனர் என்பதும் தீர்மானிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2009இல் பெர்லின் உலகப் போட்டியில், 18ஆம் வயதில், 800 மீட்டரை 1 நிமிடம் 55.45 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அவரும் ஐயுறப்பட்டார், அவர் செய்தியும் கசிந்தது. ஆனால் அவருடைய நாடே அவர் பின்னால் திரண்டது. பதக்கம் பறிக்கப்படவில்லை. 2010இல் களம் திரும்பினார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 2018இன் விதியை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 2019இல் விளையாட்டு நடுவர் மன்றத்தில் தோல்வியுற்றது. எனினும், சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் அவருக்கு முறையான விசாரணை கிட்டவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

ஒடிசாவின் டுட்டி சந்த் 2014இல் காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து நீக்கப்பட்டார். இம்முறை இந்திய விளையாட்டு ஆணையம் அவர் பக்கம் நின்றது. வழக்குத் தொடுக்கப்பட்டது. 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியையே நிறுத்திவைத்தது. 2018 ஆசியப் போட்டிகளில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் அவர் வெள்ளி வென்றார்.

2006இல் சாந்தி, 2009இல் செமன்யா, 2014இல் டுட்டி. ஐயம் ஒன்றே, காலமும் துணையும் வேறு. முன்னே சென்று முள்ளை மிதித்தவர் சாந்தி. அவருக்கு நேர்ந்தது பின்வந்தவர்க்கு நேரக்கூடாது என்னும் எண்ணம் நாட்டில் எழ அவருடைய இழப்பும் ஒரு காரணமாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

சூளைக்கும் களத்துக்கும்

பதக்கம் இழந்து ஊர் திரும்பிய சாந்தி உயிரையே வெறுத்த நாள்களைக் கடந்தார். எனினும் ஓட்டத்தை அவர் வெறுக்கவில்லை. முதலமைச்சர் அளித்த பரிசுத் தொகையை அரசு திரும்பப் பெறவில்லை. அத்தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். நிலையான ஊதியம் இல்லாமையால் அம்முயற்சி நெடிது நிற்கவில்லை. 2012இல் அவர் நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்வதாக ஏடுகள் எழுதின. பெற்றோர் செய்த அதே வேலை! நெடிய ஓட்டம் தொடங்கிய இடத்திலேயே அவரைக் கொண்டுபோய் நிறுத்திற்று.

அச்செய்தி நாட்டின் மனச்சான்றைத் தொட்டது. மைய அரசின் விளையாட்டுத் துறை முன்வந்தது. பெங்களூருவில் முறையான பயிற்சியாளர் கல்வி பெற்றுத் தேறினார். அதன்பின் 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தடகளப் பயிற்சியாளராக நிலையான பணியில் அமர்ந்தார். அவருக்குப் பணியிடமாக வாய்த்தது மயிலாடுதுறை. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைக் கடந்து, சீர்காழி வழியே சென்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடையும் ஊர் அது. தோகாவில் பதக்கம் இழந்த பெண் நம் அண்டை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்பிக்க வந்தார் என்பது இம்மாவட்டத்து மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இலக்கணம் காட்டும் நெறி

இனித் தமிழ்த்துறையினராகிய நமக்கு உரிய பகுதிக்கு வருவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். அதன் முதல் நூற்பா சொல்லையோ வேற்றுமையையோ எடுத்துக்கொள்ளவில்லை, திணையை எடுத்துக்கொள்கிறது. மக்கள் என்று கருதப்படுவோர் யாவரும் உயர்திணை. அவரல்லாத பிற அஃறிணை. இரண்டாம் நூற்பாவில்தான் உயர்திணைக்குரிய ஆண்பால், பெண்பால், பலர்பால் என்னும் பகுப்பு வருகிறது. அஃறிணைக்குரிய இருபால் மூன்றாம் நூற்பாவில் அமைகிறது. நான்காம் நூற்பாவில், ஆண் பெண் என்னும் பகுப்பில் எளிதில் அடங்காதாரைக் குறிக்கும் பெயரைத் தெய்வப் பெயரோடு ஒருங்குவைத்து, அவை தமக்கெனத் தனி ஈறு பெறாமல் உயர்திணைக்குரிய பாலீறுகளையே கொண்டு முடியும் என்கிறார் ஆசிரியர்.

இவ்வைப்பு முறை கருதத்தக்கது. திணை முற்பட்டது, பால் பிற்பட்டது. ஒருவர் முதலில் மக்களுள் ஒருவர். அதன் பின்னரே ஆணோ பெண்ணோ. பால் ஐயமாகும் இடத்தும் திணை ஐயமாவதில்லை. பால் ஐயம் தோன்றுமிடத்து எப்படி வினவ வேண்டும் என்பதற்கும் அதே இயலில் விதி உண்டு. பன்மைச் சொல்லால் ஐயத்தைக் கூறும் அம்மரபு, அறியும் வரையில் எவரையும் தாழ்த்திப் பேசாத மரபாகவும் அமைந்துவிட்டது. சாந்தியைச் சோதித்தவர்கள் அவர் பாலை ஆராய்ந்தனர். அச்செய்தியைக் கசியவிட்டவர்களும், அதனை வேடிக்கைப் பேச்சாக்கியவர்களும் செய்ததோ வேறு. அவர்கள் அவரை உயர்திணையிலிருந்தே இறக்கிவிட்டனர். நம் இலக்கணம் பயின்ற எவரும் செய்யத் தகாத பிழை இது.

பாலின எல்லை எங்கே என்பதை அறிவியலார் ஆராயட்டும். இன்று ஒரு முடிவும் நாளை வேறு முடிவும் வரலாம். ஆனால் சோதிக்கப்படுபவருக்கு அவர் மொழியிலேயே காரணத்தை விளக்க வேண்டும். முடிவை முதலில் அவருக்கே சொல்ல வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அவர் மறைவைக் காக்க வேண்டும். இவற்றுக்கு ஆய்வுக்கூடத்தின் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவை திணையொழுக்கத்தைச் சேர்ந்தவை.

முடிவாக

சாந்தியின் வெள்ளிப் பதக்கம் மீளவில்லை. தோகாவின் ஏட்டில் அவர் பெயர் இரண்டாம் இடத்தில் இல்லை. எனினும் 2 நிமிடம் 3.16 நொடி என்பது அவர் தம் கால்களால் ஓடிய நேரம்.

இதனால் நம் கல்லூரியும் பள்ளிகளும் கொள்ள வேண்டியவை சில உள. விளையாட்டு விழாவில் ஓடும் பெண்ணின் உடலைப் பற்றி, குரலைப் பற்றி, நடையைப் பற்றிக் கேலி பேசும் வழக்கத்தை மாணவச் செல்வங்கள் அடியோடு விட வேண்டும். சோதனைக்கூடத்துக்கு நெடுந்தொலைவு முன்னரே, அத்தகைய கேலியில்தான் ஐயம் பிறக்கிறது. ஆசிரியர்கள், திறமை காட்டும் எளிய குடும்பத்துப் பிள்ளைக்குக் காலணியும் உணவும் மட்டும் தந்தால் போதாது; அவருக்கு ஓர் இடர் வரும்போது கடிதம் எழுதவும், வழக்கறிஞரை நாடவும், உடன் நின்று பேசவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள், பெண்பிள்ளைகள் ஓடுவதற்கு அஞ்சி வீட்டில் நிறுத்தாமல், அவர்கள் ஓடும் களத்தில் கண்ணியம் நிலவும்படி காவல் நிற்க வேண்டும்.

செங்கல் சூளையிலிருந்து ஒரு பிள்ளை ஓடி வருவது அரிது. அப்படி வருபவரை மீண்டும் சூளைக்கு அனுப்பாத சமூகமே விளையாட்டை வளர்க்கத் தகுதியுடைய சமூகமாகும்.